வீட்டு இன்வெர்ட்டரை வண்டியில் ஏற்றலாமா?

கேள்வி: நானும் என் மனைவியும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், ஈரோடு. பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, கரூரில் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் வைத்து வீட்டு வண்டியாக மாற்றக் கொடுத்திருக்கிறோம். வால்பாறை, கொடைக்கானல், ராமேஸ்வரம் என்று மாதத்தில் பத்து நாளாவது வண்டியிலேயே தங்க ஆசை. கரண்ட் விஷயத்தில்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வீட்டில் இருக்கும் 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் அப்படியே தூக்கி வைத்துவிடலாம் என்கிறார் பேட்டரிக் கடைக்காரர். கூரையில் 540 வாட் பேனல் மூன்று போட்டால் ராத்திரி ஏசியே ஓடும் என்கிறார் பட்டறைக்காரர். லித்தியம் தீப்பிடிக்கும், வேண்டாம் என்கிறான் மகன். எங்களுக்கு வேண்டியது ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், விளக்கு, மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு, முடிந்தால் ஏசி. என் மனைவி இன்சுலின் போட்டுக்கொள்கிறாள், அதனால் ஃபிரிட்ஜ் நிற்கக் கூடாது. என்ன போடுவது? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

ஐயாவுக்கு வணக்கம்.

நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடானாலும் கெடும், உறைந்தாலும் கெடும். உங்கள் வண்டியில் ஃபேன் நின்றால் புழுக்கம், மிக்ஸி நின்றால் சட்னி இல்லை, அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் நின்றால் அம்மாவின் உடம்பு பாதிக்கப்படும். ஆகவே அந்த ஃபிரிட்ஜ் எதை நம்பி ஓடப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அமைப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு, தண்ணீர் பம்பு, போன் சார்ஜர் ஆகியவை இன்வெர்ட்டர் இல்லாமல் நேரடியாக 12 வோல்ட்டில் ஓட வேண்டும். பேட்டரி, 280 ஏஹெச் அளவில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். கூரையில் 600 வாட் பேனல் போதும். வண்டி ஓடும்போது இன்ஜினிலிருந்தும் சார்ஜ் ஏற 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று. மிக்ஸிக்கு 1500 வாட் ப்யூர் சைன் வேவ் (ஈபி கரண்டைப் போலவே சீரான அலை தரும்) இன்வெர்ட்டர், வேண்டும்போது மட்டும் போட்டு அணைத்துவிட வேண்டியது. ஏசி, வெளியிலிருந்து கரண்ட் எடுக்கக்கூடிய இடத்தில் மட்டும். இண்டக்‌ஷனும் அப்படியே.

இனி காரணங்கள். பட்டறையில் நீங்கள்தான் நின்று பேச வேண்டியிருக்கும் என்பதால் கணக்கோடு எழுதுகிறேன்.

வீட்டில் இருக்கும் டியூபுலர் பேட்டரி நல்ல பேட்டரிதான். ஆனால் அங்கே அதன் வேலை காத்திருப்பது. கரண்ட் போனால் ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஓட்டும். வந்ததும் மறுபடி நிறைந்துகொள்ளும். வருஷத்தில் பெரும்பாலான நேரம் நிறைந்தபடியே நிற்கும். வண்டியில் அப்படியில்லை. தினமும் ராத்திரி இறங்கி, தினமும் பகலில் ஏறியாக வேண்டும். அங்கே ஈபி கிடையாது, பேட்டரிதான் ஈபி. கடைக்காரர் சொன்னதில் உள்ள கோளாறு முழுக்க இந்த ஒரு வேறுபாட்டில் இருக்கிறது.

150 ஏஹெச், 12 வோல்ட் என்றால் தாளில் 1800 வாட்-மணி, அதாவது நம் ஈபி கணக்கில் 1.8 யூனிட். டியூபுலர் போன்ற லெட்-ஆசிட் (ஈய-அமில) பேட்டரி நாலு வருஷம் உழைக்க வேண்டுமானால் தினமும் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. ஆக கையில் கிடைப்பது 0.9 யூனிட்தான். ஏற்றுவதிலும் சிக்கல் உண்டு. முதல் 80 சதவீதம் வேகமாக ஏறும், கடைசி 20 சதவீதத்துக்குப் பல மணி நேரம் மெதுவாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் அதற்குள் சாய்ந்துவிடும். இப்படித் தினமும் முழுதாக நிறையாமலே மறுபடி இறங்கினால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகி, கொள்ளளவு மாதத்துக்கு மாதம் சுருங்கும்.

எடையையும் பாருங்கள். ஆசிட்டோடு ஒரு டியூபுலர் 55 கிலோவுக்குக் குறையாது. நான் சொல்லும் லித்தியம் பேட்டரி தருவதைப் பெற அப்படி நாலு வேண்டும், 220 கிலோ. லித்தியம் 30 கிலோவுக்குள் முடிந்துவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வித்தியாசம் உங்கள் ஸ்டியரிங்கில் தெரியும்.

இதற்கெல்லாம் மேல் ஒன்று இருக்கிறது. டியூபுலர் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். வீட்டில் அந்தப் பேட்டரி படிக்கட்டின் கீழே, காற்றோட்டத்தில் இருக்கிறது. வண்டியில், சன்னலைச் சாத்திக்கொண்டு நீங்கள் இருவரும் தூங்கும் அறைக்குள் கட்டிலுக்கடியில் இருக்கும். இதற்காகவே நான் வேண்டாம் என்பேன். மற்ற காரணங்கள் அதற்குப் பிறகுதான்.

உங்கள் மகனுக்கு என் சார்பில் ஒன்று சொல்லுங்கள். அவர் பயப்படுவது நியாயம். ஆனால் லித்தியம் என்பது ஒரே சரக்கு இல்லை. போனிலும் பல மின்சார வாகனங்களிலும் இருப்பது நிக்கல், கோபால்ட் கலந்த வகை. அது ஒரு அளவுக்கு மேல் சூடானால் தன்னுள்ளிருந்தே ஆக்சிஜனை விடுவித்து எரியும், அணைப்பது கடினம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் அவ்வளவு எளிதில் அந்த நிலைக்குப் போகாது, ஆக்சிஜனை இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கும். தீயே பிடிக்காது என்று நான் சொல்ல மாட்டேன். தூங்கும் வண்டிக்குள் வைப்பதற்கு இன்று கிடைப்பவற்றில் இதுதான் பொருத்தமானது என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் பழைய மின்சார வாகனத்திலிருந்து கழற்றிய செல்களைச் சேர்த்து மலிவாகச் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். எந்த வகை செல், எவ்வளவு அடி வாங்கியது என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது.

வாங்கும் பேட்டரிக்குள் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, ஆபத்து என்றால் துண்டித்துவிடும் சர்க்யூட்) இருக்க வேண்டும், தொடர்ந்து 150 ஆம்பியராவது தாங்கக்கூடியதாக. குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதியும் அதில் இருக்கட்டும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இந்த செல்களைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெட்டுவிடும். தமிழ்நாட்டில் அது எங்கே என்று கேட்பீர்கள். ஊட்டி பக்கம் தலைக்குந்தாவில் ஜனவரி விடியலில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். நாளைக்கு நீங்கள் லடாக் வரை போகவும் ஆசைப்படலாம்.

இப்போது தேவைக் கணக்கு. 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், 40–50 லிட்டர், ஓடும்போது 45–60 வாட் இழுக்கும். விட்டுவிட்டுத்தான் ஓடும், ஆனால் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கம்ப்ரசர் அதிகம் ஓடும் என்பதால் நாளொன்றுக்கு 550 வாட்-மணி என்று வையுங்கள். 28 வாட் பிஎல்டிசி (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார்) ஃபேன் இரண்டு, ராத்திரியும் மதியமும் சேர்த்து 12 மணி நேரம் ஓடினால் 670. எல்இடி விளக்குகளுக்கு 100. பம்பு கொஞ்ச நேரம்தான் ஓடும், 20. போன், லேப்டாப்புக்கு 100. மிக்ஸி 750 வாட் என்றாலும் எட்டுப் பத்து நிமிஷம்தான், 100. கூட்டினால் 1540. கம்பியிலும் மாற்றத்திலும் போகும் இழப்பைச் சேர்த்து 1700 வாட்-மணி, 1.7 யூனிட்.

இண்டக்‌ஷனைச் சேர்த்தால் என்ன ஆகும்? 1500 வாட்டில் ஒரு வேளைச் சமையல் 40 நிமிஷம் என்றால் 1000 வாட்-மணி. இரண்டு வேளைக்கு 2000. உங்கள் மொத்தச் செலவையும் விட அடுப்பு ஒன்றே அதிகம் எடுக்கிறது. அதற்காகப் பேட்டரி, பேனல், இன்வெர்ட்டர், கேபிள் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்க வேண்டும். 5 கிலோ சிலிண்டரும் இரண்டு பர்னர் அடுப்பும் வையுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். எனவே சிலிண்டர் பெட்டிக்கு அடிப்பக்கம் வெளியே திறக்கும் துளை வேண்டும், உள்பக்கம் மூடியிருக்க வேண்டும். கேஸ் கசிவு அலாரம் தரையை ஒட்டி இருக்க வேண்டும், கூரையில் அல்ல. லாட்ஜிலோ உறவினர் வீட்டிலோ பிளக் கிடைக்கும் அன்று இண்டக்‌ஷனைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

280 ஏஹெச் லித்தியம் என்றால் 12.8 வோல்ட்டில் 3580 வாட்-மணி. அதில் 90 சதவீதம் எடுக்கலாம், சுமார் 3200. தினம் 1700 என்றால் வெயிலே இல்லாமல் ஏறக்குறைய இரண்டு நாள். ஜூலையில் வால்பாறைக்குப் போகிறவருக்கு இந்த இரண்டு நாள் அவசியம்.

வீட்டு இன்வெர்ட்டரில் சாதாரண ஃபிரிட்ஜை ஓட்டினால் என்ன என்று கடைக்காரர் கேட்பார். இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி நிற்கவே 20 வாட் அளவுக்குத் தின்னும். 24 மணி நேரத்துக்கு 480 வாட்-மணி, கிட்டத்தட்ட இன்னொரு ஃபிரிட்ஜ். அதைவிட முக்கியமானது வேறு. மிக்ஸி ஜாரில் தேங்காய் சிக்கி ஓவர்லோடில் இன்வெர்ட்டர் டிரிப் ஆனால், அதோடு ஃபிரிட்ஜும் நின்றுவிடும். ராத்திரி பதினொரு மணிக்கு அணைந்தது காலை ஆறுக்குத்தான் தெரியும். அம்மாவின் மருந்து, மிக்ஸியைப் பொறுத்து இருக்கக் கூடாது. 12 வோல்ட் ஃபிரிட்ஜ் என்றால் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், தனி ஒயர். நடுவில் யார் கைக்கும் எட்டும் சுவிட்ச் எதுவும் வேண்டாம். அந்த ஒயர் 6 சதுர மில்லிமீட்டராக இருக்கட்டும். பட்டறையில் விளக்குக்குப் போடும் 1.5-ஐயே இதற்கும் இழுத்துவிடுவார்கள். கம்ப்ரசர் கிளம்பும் நேரத்தில் வோல்டேஜ் சரிந்து, பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து ஃபிரிட்ஜ் தானாகவே அணைந்துகொள்ளும். பேட்டரி நிறைந்திருக்கும், ஃபிரிட்ஜ் மட்டும் ஓடாது. காரணம் தெரியாமல் பலர் ஃபிரிட்ஜையே மாற்றிவிடுகிறார்கள்.

உள்ளே, அதிகபட்சம்-குறைந்தபட்சம் காட்டும் சிறிய வெப்பமானி ஒன்று வையுங்கள். இன்சுலினைக் குளிரும் தகட்டை ஒட்டி வைக்காமல் நடுவில் ஒரு டப்பாவில் வையுங்கள்.

பட்டறைக்காரர் சொன்ன ஏசிக்கு வருகிறேன். அவர் கணக்கு முழுக்கத் தப்பில்லை. தமிழ்நாட்டில் நல்ல வெயில் நாளில் 5 மணி நேர முழு வெயில் கிடைக்கும். கூரையில் படுத்திருக்கும் பேனல், சூடு, தூசி, இழப்பு எல்லாம் கழித்து எழுதியிருப்பதில் 70 சதவீதம் தரும் என்று வைக்கலாம். 65 டிகிரிக்குச் சூடான பேனல், சூட்டினால் மட்டுமே ஏறக்குறைய 14 சதவீதம் இழந்துவிடும், அதனால்தான் இந்த 70. அப்படிப் பார்த்தால் 1620 வாட்டுக்கு 5.7 யூனிட் வரும். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி ராமேஸ்வரத்து ராத்திரியில் எட்டு மணி நேரம் ஓடினால் 4 முதல் 5 யூனிட். மற்ற செலவு 1.7. தெளிவான வெயில் நாளில்கூட வரவும் செலவும் ஒட்டி நிற்கின்றன. ஒரு நாள் மேகம் வந்தால் எல்லாம் கவிழும். ராத்திரி ஏசிக்காக இந்த 6 யூனிட்டையும் சேமிக்க உங்கள் பேட்டரி இரண்டு மடங்காக வேண்டும்.

அத்தனை பேனலுக்கும் இடம் எங்கே? 540 வாட் பேனல் ஒன்று சுமார் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், 28 கிலோ எடை. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 2.27 மீட்டர் அகலம் வேண்டும். டேப் எடுத்துக் கூரையை அளந்து பாருங்கள். ஓரங்கள் வளைந்து இறங்குவதால் அவ்வளவு தட்டையான அகலம் கிடைக்காது. ஏசி பெட்டி ஒரு இடம், காற்றோட்ட ஃபேன் ஒரு இடம் பிடிக்கும். ஃபிரேமோடு நூறு கிலோ கூரைக்கு மேலே ஏறும். மலைப்பாதையில் வண்டி சாய்வது கூடும். இத்தனையும் செய்து ஏசி பாதி ராத்திரியில் நின்றுபோவதைவிட, ராமேஸ்வரம் போகும்போது பிளக் கொடுக்கும் லாட்ஜ் வளாகத்தில் நிறுத்துவது எவ்வளவோ மேல். கொடைக்கானலிலும் வால்பாறையிலும் உங்களுக்கு ஏசியே வேண்டியதில்லை. பேனலில் மிச்சமாகும் பணத்தில் கூரைக்கும் பக்கச் சுவருக்கும் வெப்பத்தடுப்பு நன்றாகப் போடச் சொல்லுங்கள். பிளைவுட் அடித்த பிறகு அதைப் போட முடியாது.

ஆகவே 200 வாட் பேனல் மூன்று. 600 வாட்டுக்கு நல்ல நாளில் 2.1 யூனிட் வரும், 1.7 செலவு போக நேற்றைய குறையையும் கொஞ்சம் நிரப்பும். சிறிய பேனல் என்பதால் ஃபேனைச் சுற்றி இடம் பார்த்து வைக்கலாம். மூன்றையும் சீரீஸில், அதாவது ஒன்றன் பின் ஒன்றாக, இணையுங்கள். ஒவ்வொன்றும் திறந்த நிலையில் 24 வோல்ட் அளவில் இருக்கும், மூன்றுக்கு 72. குளிரில் வோல்டேஜ் ஏறும், கொடைக்கானல் விடியலில் 80-ஐத் தொடலாம். 100 வோல்ட் தாங்கும், 50 ஆம்பியர் தரும் எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனல் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி ஏற்றும் கருவி) இதற்குப் பொருந்தும். அந்த 100 என்பது ஒருபோதும் தாண்டக் கூடாத வரம்பு. பின்னால் யாராவது நாலாவது பேனலை அதே சீரீஸில் சேர்த்தால் குளிர்ந்த காலையில் கன்ட்ரோலர் எரிந்துபோகும். ஏசி பெட்டியின் நிழல் எந்தப் பேனல் மேலும் விழாதபடி வையுங்கள். சிறிய நிழலும் ஒரு பேனலின் கணிசமான பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடும்.

வளையக்கூடிய, ஒட்டுகிற பேனலைக் காட்டுவார்கள். எடை குறைவு, பார்க்க அழகு. ஆனால் தகரக் கூரையோடு ஒட்டியிருப்பதால் சூடு போக வழியில்லை, சீக்கிரம் மங்கிவிடும், அந்தச் சூடும் உள்ளே இறங்கும். கண்ணாடிப் பேனலுக்கும் கூரைக்கும் நடுவே நாலைந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் காற்றும் ஓடும், பேனலே கூரைக்கு நிழலாகவும் இருக்கும். வெறும் தகரத்தில் திருகாமல், கூரையின் குறுக்கு விலாவில் போல்ட் போட்டு, துளைகளை பியூ (பாலியூரிதேன்) சீலன்ட்டால் அடைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் மொத்த உயரத்தை அளந்து டிரைவர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். ரயில்வே சுரங்கப் பாலத்துக்கு முன் அது தேவைப்படும்.

நம் ஊரில் யாரும் முன்கூட்டி நினைக்காத ஒரு இடைஞ்சல் உண்டு. வண்டியைக் கண்டால் கை தானாகப் புளியமர நிழலைத் தேடும். நிழலில் நிறுத்தினால் உள்ளே குளிர்ச்சி, பேனலில் ஒன்றும் வராது. வெயிலில் நிறுத்தினால் பேனல் நிறையத் தரும், வண்டி அடுப்பாகிவிடும், ஃபிரிட்ஜும் ஃபேனும் அதிகம் எடுக்கும். 150 அல்லது 200 வாட் மடக்குப் பேனல் ஒன்றும் பத்து மீட்டர் கேபிளும் கையில் இருந்தால், வண்டி நிழலிலும் பேனல் வெயிலிலும் இருக்கலாம். சூரியனைப் பார்த்துத் திருப்பி வைக்க முடியும் என்பதால் அதன் அளவுக்கு நன்றாகவே தரும். கூரைப் பேனலோடு அதைச் சேர்த்துவிடாமல் சின்ன கன்ட்ரோலர் ஒன்றைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.

சோலார் சோலார் என்று எல்லோரும் பேசுகிறார்கள். மழைக்காலத்தில் உங்களைக் காப்பாற்றப்போவது இன்ஜினில் கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர்தான். 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒரு மணி நேரத்தில் 400 வாட்-மணி தரும். ஈரோட்டிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டினால் 1200 வாட்-மணி, அதாவது முக்கால் நாள் செலவு பேட்டரியில் ஏறியிருக்கும். இந்தச் சார்ஜர் இல்லாமல் வண்டி பேட்டரியையும் லித்தியத்தையும் ஒரு ரிலே வைத்து நேரடியாகச் சேர்த்துவிடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு, கொடுக்கிற ஆம்பியர் அத்தனையும் வாங்கிக்கொள்ளும். மேட்டில் மெதுவாக ஏறும்போது காற்றோட்டம் இல்லாமல் ஆல்டர்னேட்டர் முழுச் சுமையில் வெந்துவிடும். பேட்டரி நிறைந்து பிஎம்எஸ் சட்டென்று துண்டித்தால், எழும் வோல்டேஜில் ஆல்டர்னேட்டரின் டையோடுகளும் போகலாம்.

இனி கேபிள். நீங்கள் பட்டறையில் பிடிவாதமாக நிற்க வேண்டிய இடம் இது. மகன் பயப்படும் தீ பேட்டரியைவிட ஒயரிலிருந்து தொடங்குவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

வீட்டில் 1500 வாட் என்றால் 6.5 ஆம்பியர். 12 வோல்ட்டில் அதே 1500 வாட்டுக்கு, இன்வெர்ட்டரின் இழப்பும் சேர்த்து, 130 ஆம்பியர். வீட்டு ஒயரிங் செய்து பழகிய கைக்கு இது உறைப்பதில்லை. அவர்கள் கண்ணுக்கு 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் தடிமனாகத் தெரியும். அதை மூன்று மீட்டர் தூரத்துக்கு இழுத்தால், போக வர ஆறு மீட்டர். 130 ஆம்பியரில் அந்த ஒயரிலேயே 1.3 வோல்ட் போய்விடும், 170 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகும். எங்கே? பிளைவுட்டுக்கும் பஞ்சுக்கும் பின்னால், யார் கண்ணிலும் படாமல். இன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒன்றரை மீட்டருக்குள் வைத்து, 50 சதுர மில்லிமீட்டர் மல்டி-ஸ்ட்ராண்ட் செம்புக் கேபிள் போட வேண்டும். கேபிள் முனையில் மாட்டும் லக் எல்லாம் ஹைட்ராலிக் கருவியால் அழுத்தியதாக இருக்கட்டும். சுத்தியலால் அடித்து நசுக்குவதும், ஈயம் வைத்து ஒட்டுவதும் ஓடுகிற வண்டியின் அதிர்வில் தளரும், தளர்ந்த இடம் சூடாகும். தகரத்தைத் துளைத்துக் கேபிள் போகும் இடமெல்லாம் ரப்பர் குரோமெட் (காப்பு வளையம்) வேண்டும்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள் முதல் ஃபியூஸ் வர வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் கேபிளுக்கு யாரும் காவல் இல்லை, அதனால் அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஷார்ட் ஆனால் லித்தியம் ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். சாதாரண ஃபியூஸ் உருகினாலும் நடுவில் தீப்பொறி நிற்காமல் தொடரலாம். கிளாஸ்-டி (Class T) என்ற வகை அதற்காகவே செய்தது, 20,000 ஆம்பியர் வரை அறுக்கும். 200 ஆம்பியர் அளவில் ஒன்று வாங்குங்கள்.

அதே போல, வீட்டு எம்சிபியை (டிரிப் ஆகும் சுவிட்சை) டிசி பக்கம், அதாவது பேட்டரி, பேனல் பக்கம் போடவே கூடாது. வீட்டுக் கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது, அந்த நொடியில் பொறி அணைந்துவிடும். டிசி பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. எம்சிபி திறந்தாலும் உள்ளே பொறி எரிந்துகொண்டே இருந்து பெட்டியையே உருக்கும். பேனல் பக்கத்துக்கு டிசி என்று எழுதிய, அந்த வோல்டேஜுக்கு உரிய பிரேக்கர்தான் வேண்டும். பட்டறையில் கையில் இருப்பதைப் போடுவார்கள். பெட்டியைத் திறந்து எழுத்தைப் படியுங்கள்.

230 வோல்ட் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். ஆனால் வண்டியில் அது வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. வீட்டில் நியூட்ரல் டிரான்ஸ்பார்மரிலேயே பூமியோடு சேர்ந்திருக்கிறது. வண்டி நிற்பது ரப்பர் டயரில். இன்வெர்ட்டரில் ஓடும்போது நியூட்ரலை வண்டியின் சேசிஸோடு இணைக்காவிட்டால், மிக்ஸியின் உடலில் கசிவு வந்தாலும் ஆர்சிசிபிக்குத் தெரியாது. வெளிக் கரண்ட்டில் இணைக்கும்போது அந்த இணைப்பு விலகிவிட வேண்டும். நல்ல இன்வெர்ட்டர்-சார்ஜர்களில் உள்ளே இருக்கும் ரிலே இதைத் தானாகச் செய்யும். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அமுக்கி டிரிப் ஆகிவிட்டது, சரிதான் என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பட்டன் கருவி நன்றாக இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். சேசிஸ் இணைப்பு இருக்கிறதா என்பதை மல்டிமீட்டர் வைத்துத் தனியாகப் பார்க்க வேண்டும். பிளக் எடுக்கும் இடத்திலும் எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே செருகுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளை பெயருக்குத்தான் இருக்கும். நீளக் கேபிளைச் சுருட்டியபடி ஏசிக்குப் பயன்படுத்த வேண்டாம், முழுக்கப் பிரித்துவிடுங்கள்.

பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வோல்ட் மீட்டர் உதவாது. 80 சதவீதத்திலும் 30 சதவீதத்திலும் லித்தியம் ஏறக்குறைய ஒரே வோல்டேஜைக் காட்டும். நெகட்டிவ் கேபிளில் ஷன்ட் (ஓடும் கரண்டை அளக்க உதவும் சிறு தடை) வைத்த மானிட்டர் வாங்குங்கள். போன ஆம்பியர், வந்த ஆம்பியர் இரண்டையும் எண்ணிச் சதவீதமாகக் காட்டும். 30-க்குக் கீழே போனால் ஒரு ஃபேனை நிறுத்துவது, 20 ஆனால் வண்டியைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் ஓட்டுவது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கட்டிலுக்கடியில் மெத்தையோடு அடைத்துவிடாமல், கொஞ்சம் காற்றோட்டத்தோடு, இன்ஜின் சூடு வராத பக்கம், சேசிஸில் போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். 45 டிகிரிக்கு மேல் அதன் ஆயுள் வேகமாகக் குறையும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கட்டி முடித்த பிறகு ஓடாமல், இப்போதே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் பேசிவிடுங்கள். ஒயரிங் வரைபடத்தைப் பட்டறையிலிருந்து எழுத்தில் வாங்கி வண்டியிலேயே வையுங்கள். சுவர் அடைப்பதற்கு முன் கேபிள் போன வழியெல்லாம் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோ ஏபிசி தீயணைப்பான் ஒன்று கதவருகிலும் புகை அலாரம் ஒன்று படுக்கை மேலும் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் அம்மாவின் கைப்பையில், மாற்று ஏற்பாடாக, தண்ணீரில் நனைத்துக் குளிர வைக்கும் இன்சுலின் பை ஒன்று வையுங்கள். திறந்த இன்சுலினை 30 டிகிரிக்குள் பெரும்பாலும் 28 நாள் வைத்திருக்கலாம், அட்டையில் போட்டிருப்பதைப் பாருங்கள். முதல் இரண்டு பயணங்களை ஈரோட்டிலிருந்து அதே நாளில் திரும்பக்கூடிய தூரத்துக்குள், பவானிசாகர் போல, வைத்துக்கொண்டு, மானிட்டரில் ராத்திரிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று எழுதி வாருங்கள். அந்தக் கணக்கையும், கூரையின் அளவையும், ஆல்டர்னேட்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரையும் அனுப்பினால், எந்தப் பேனலை எங்கே வைப்பது என்று வரைந்து அனுப்புகிறேன்.